கம்பிகள் உயர்ந்திருந்த காரணம்

அக்கா அந்த மின் கிற்றாரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் மின்சாதனத் திருத்தகத்தின் மேசையில் வைத்து விரிப்பை விலக்கியபோது, கம்பிகளில் காய்ந்திருந்த கபில நிறத்தைத்தான் முதலில் பார்த்தேன். கடற்கரை வீடுகளில் எல்லா உலோகமும் துருப்பிடிக்கும். ஆனால் ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் சிவப்பாக ஒட்டியது. அக்காவின் இடக்கை விரல்நுனிகள் வெடித்திருந்தன. "கம்பி கையை வெட்டுது, ஒருக்கால் பார்" என்றாள்.

முல்லைத்தீவில் எங்கள் பங்குத் தேவாலயப் பாடகர் குழுவில் மின் கிற்றார் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அத்தானுக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரப் படகு வைத்துக் கடற்றொழில் செய்பவர். ஊரில் எல்லோருக்கும் உதவுகிறவர் என்று பெயர். பாட்டுப் பயிற்சி முடிந்து அக்கா வீட்டுக்குப் போகும் நாட்களில், நனைந்த படகுக் கயிற்றால் அடித்தார். சட்டை மறைக்கும் இடங்களில் மட்டும் அடித்தார். ஒருமுறை தலைமயிரைப் பிடித்து அலுமாரிக் கதவில் மோதியதில் அவளுக்குச் சில நாட்கள் ஒரு காது கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இது தெரியும். அம்மா செபமாலை சொன்னா. அக்கா பயிற்சிக்குப் போவதை நிறுத்தவில்லை. பிறகு ஒருநாள் அத்தான் அடிப்பதை விட்டுவிட்டார். "வாசிக்கிறதெண்டால் வாசி, நான் மறிக்கேல்ல" என்று சொன்னாராம். மனம் மாறிவிட்டார் என்று அக்கா நம்பியிருந்தாள்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்ததில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம், காரணங்களை ஒழுங்காக அடுக்கி ஒவ்வொன்றாக நீக்குவது. விரலால் அழுத்தும் விரற்பலகையிலிருந்து கம்பிகள் மிக உயரத்தில் நின்றன; அழுத்தும்போது விரலை வெட்டும். இப்படி எழுந்து நின்றால், கிற்றாரின் கழுத்து வளைந்திருக்கலாம். பார்த்தேன், நேராக இருந்தது. மேல்முனையில் கம்பிகள் படியும் வெட்டுகள் பிசகியிருக்கலாம். அவையும் சரி. மிஞ்சியது அடிப்பக்கம். அங்கே ஒவ்வொரு கம்பியையும் ஒரு சிறிய உலோகத் துண்டு தாங்குகிறது. அதன் உயரத்தைக் குட்டித் திருகாணிகள் தீர்மானிக்கின்றன. ஆறு துண்டுகளும் போகக்கூடிய எல்லைவரை உயர்த்தப்பட்டிருந்தன. காற்றோ உப்போ ஆறையும் ஒரே அளவாக உயர்த்தாது. குனிந்து மணந்து பார்த்தேன். படகு எஞ்சின் ஒயில் மணந்தது. எங்கள் கரையில் இறுகிப்போன திருகாணி எதையும் அந்த ஒயில் விட்டுத்தான் இளக்குவார்கள்.

யார் இதில் கைவைத்தது என்று கேட்டேன். துருவைத் துடைத்துத் தருகிறேன் என்று அத்தான்தான் வாங்கினவர் என்றாள். திருகாணிகளைக் காட்டி விளக்கினேன்.

"அப்ப, அதுக்குத்தான் அவர் பூசையில நான் வாசிக்கேக்குள்ள முன்வரிசை வாங்கில இருந்து என்ரை கையையே பாத்துக்கொண்டிருந்தவர்," என்றாள்.

வளைந்த சிறு சாவியால் திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். மெல்லிய கம்பிகளைத் தாழ்வாகவும் தடித்தவற்றைச் சற்று உயரமாகவும் விட்டேன். அக்கா அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. இந்த இடத்திலிருந்து அத்தானை 'அவர்' என்று எழுத எனக்கு வரவில்லை. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "மச்சாள், சுகமோ?" என்று என்னைக் கேட்டான். அக்காவிடம், "எழும்பு, வீட்டை போவம்" என்றான்.

"நான் வரேல்ல."

மேசையில் கிடந்த ஸ்பானரை எடுத்தான். அவளுடைய இடக்கையைப் மேசைப் பலகையில் வைத்து அமுக்கி ஓங்கி அடித்தான். மோதிர விரலும் சின்ன விரலும் முறிந்த சத்தம் தனித்தனியாகக் கேட்டது. மறுபடி ஓங்கினான். பக்கத்தில் ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக்கோல் சூடாக இருந்தது. அதை எடுத்து அவன் புறங்கையில் வைத்து அழுத்தினேன். தோல் கருகி மணக்கும்வரை எடுக்கவில்லை. ஸ்பானர் விழுந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் அவனை நிலத்தில் விழுத்திப் பிடித்துப் பொலிசாரிடம் கொடுத்தார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. அவன் பிணையில் வெளியே இருக்கிறான். சேர்ந்து வாழச் சொல்லி அக்காவிடம் கதைக்க வந்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எலும்பு பொருந்திவிட்டது, அந்த இரண்டு விரல்களிலும் பலம் இல்லை. அந்தப் பலத்துக்கு ஏற்றபடி கம்பிகளை இறக்கினேன், எந்தக் கைந்நூலும் சொல்லாத அளவுக்கு. அவ்வளவு தாழ்த்தினால் கம்பி விரற்பலகையின் உலோகக் கட்டைகளில் உரசி இரையும். அதைச் சொன்னேன். "இரையட்டும்," என்றாள்.

திருவிழாவுக்கு எங்கள் பங்கிலேயே வாசிக்கப் போவேன் என்று நின்றாள். நானும் போய் ஒலிபெருக்கியைப் பொருத்திக் கொடுத்தேன். அவன் ஆண்கள் பக்கத்தில் இருந்தான், கையில் தழும்போடு. முதற் பாட்டு முடிந்ததும் குழுவில் ஒரு பெண் குனிந்து, கிற்றார் பழுதோ, இரையுதே என்று அக்காவிடம் கேட்டாள்.

"பழுதில்லை. என்ரை கைக்கு அளவா வைச்சிருக்கு."

அடுத்த பாட்டுக்கு முன் அக்கா ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.