நைனாவிடம் கேட்ட கேள்வி

எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம், காதுகுத்து நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் என் மானத்தை வாங்குவதற்கென்றே ஒரு கதை உண்டு. கடலுக்குப் போன நைனாவை நான் மீன்பிடி லாஞ்சிலிருந்து இறக்கிவிட்ட கதை. 'இவ வாய் கீதே...' என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள். அக்காவும் சேர்ந்துகொள்வாள். நடந்தது என்னவென்று அவர்கள் இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரியும். அதை மட்டும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சரி, நானே சொல்லித் தொலைக்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். கிளம்புகிற ஆளிடம் 'எப்போ வருவே?' என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அந்த ஆள் அந்தத் தடவை போகக் கூடாது. மீறிப் போனால் திரும்பி வருவது சந்தேகம் என்பார்கள். நடை பழகும்போதே எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பொம்மை கேட்கலாம், புதுத்துணி கேட்கலாம், இதைக் கேட்டால் மட்டும் வாயில் சூடுதான்.

நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து லாஞ்சுகள் முதல் தடவையாகக் கிளம்புகிற நாள். போனால் ஒரு வாரம் கடலிலேயே கிடந்துவிட்டுத்தான் வருவார்கள். நைனாவுக்கோ நாலைந்து நாளாகக் காய்ச்சல். அவர் இருமினால் கட்டிலே ஆடும். மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை அம்மாவுக்குத் தெரியாமல் விழுங்கிக்கொண்டு திரிந்தார்.

"இந்த ஒடம்ப வெச்சிக்கினு போவணுமாய்யா? டாக்டராண்ட காட்டலாம் வா" என்றாள் அம்மா.

"மொத ட்ரிப்பு. காச்சல்னு சொல்லிக்கினு வூட்ல குந்தினா நாளைக்கு எவன் மதிப்பான்? போற நேரத்துல பேஜாரு பண்ணாத."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாளோ என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளே போய், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஓடு. நைனா ஏர்றதுக்குள்ள போயி, எப்போ வருவேன்னு கேளு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அத்த கேக்கக் கூடாதேக்கா?"

"கேளுன்னா கேளு. சத்தமா கேளு. பெரியப்பா காதுல வுழணும்."

பெரியப்பா என்றால் நைனாவின் ஒன்றுவிட்ட அண்ணன். லாஞ்சுக்கு அவர்தான் டிரைவர், அவர் சொல்வதுதான் சட்டம். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முதுகைக் காட்டியபடி ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். "அக்கா சொல்றா இல்ல, போ" என்றாள். தடைக்காலம் முடிந்ததும் இந்தத் தடையையும் எடுத்துவிட்டார்களோ என்று யோசித்துக்கொண்டே ஓடினேன்.

துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நைனா ஒரு காலை லாஞ்சில் வைத்திருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"நைனா, எப்போ வருவே?"

ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"அடிப்பாவி!" என்றார் பெரியப்பா. நைனாவைப் பார்த்து, "எறங்குடா. இந்த தபா நீ வேணாம்" என்றார்.

"கொயந்த தெரியாம கேட்டுட்சு, அண்ணா."

"தெரியாம கேட்டாலும் கேட்டதுதான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உம் பொஞ்சாதிக்கு யாரு பதில் சொல்றது? உன் எடம் எங்கயும் போவாது. அடுத்த தபா வா, போ."

என் தோளைப் பிடித்துக்கொண்டு நைனா திரும்பி நடந்தார். அவர் கை தோசைக்கல்லாகச் சுட்டது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "யாரு கேக்கச் சொன்னது?"

"அம்மாவும் அக்காவும்."

என்னையே பார்த்தார். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "யாரும் சொல்லல. நீயாத்தான் கேட்ட. இன்னா?"

"இல்ல நைனா, அக்காதான்..."

"நீயாத்தான் கேட்ட."

இதென்னடா வம்பு என்று இருந்தது எனக்கு. பொய் சொன்னால் முதுகுத்தோலை உரிக்கிற மனுஷன், உண்மையைச் சொன்னால் இல்லை என்கிறார்.

அன்று மத்தியானமே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருந்ததாம். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் என்று சொல்ல வந்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். நடுக்கடலில் எந்த டாக்டரைத் தேடுவது? அந்தக் கேள்வியை அம்மா கேட்டிருந்தால், புருஷனை முந்தானையில் முடிந்துவைக்கிறாள் என்று துறைமுகமே சிரித்திருக்கும். நைனாவும் ரோஷத்தில் ஏறிப் போயிருப்பார். ஒன்றும் தெரியாத சின்னப் பிள்ளை கேட்டால் அது சகுனம், யாருக்கும் தலைகுனிவு இல்லை. இதைக் கண நேரத்தில் யோசித்த அந்த இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருக்கும். வாய்விட்டுச் சொன்னால் ஒத்துக்கொள்வார்களா? 'நான் எங்கடி கேக்கச் சொன்னேன்?' என்பாள் அம்மா, கூசாமல்.

ஆனால் அன்று தெருமுனை திரும்பியபோது எனக்கு இதில் எதுவும் தெரியாது. குழாயடியில் அம்மா நின்றாள். சுற்றி நாலைந்து பெண்கள்.

"இன்னாய்யா, திரும்பிக்கினு வர்ற?"

"உம் பொண்ணு வாய வெச்சிட்டா" என்றார் நைனா, தலையைக் குனிந்துகொண்டு.

"பாவிப் பொண்ணே! கேக்கக் கூடாதத கேட்டுட்டியாடி?" குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, எல்லோரும் பார்க்க ஓங்கி ஓர் அறை விட்டாள். பளார் என்று கேட்டது. "ஐயோ, கொயந்தய வுடும்மா" என்று பெண்கள் ஓடிவந்தார்கள்.

"நீதானேம்மா..." என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா என்னைத் தூக்கி, பேச்சு வெளியே வராதபடி என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். அவள் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே கன்னத்தைத் தடவிப் பார்த்தேன். அம்மா அடித்தால் நாள் முழுக்க எரியும். இது இவ்வளவு சத்தமாக விழுந்தும் துளிகூட வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை என்று புரியாமல் இன்னும் பலமாக அழுதேன்.