விளக்கு அணைந்ததும் போட்ட சுவிட்சு

அந்த மனுஷனை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அடையாற்றில் நான் வேலை பார்த்த சினிமா ஸ்டூடியோ முதலாளியின் மைத்துனன். அந்த ஒரே தகுதியில் மானேஜர். சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, எல்லோர் வேலையிலும் மூக்கை நுழைப்பான்.

யுத்தம் முடிந்த சமயம். அரண்மனை செட்டுக்கு ஒரு ஜெனரேட்டர் போதவில்லை என்று, ராணுவம் ஏலம் விட்ட இன்னொன்றை வாங்கிப் போட்டார்கள். இரண்டையும் சேர்த்து ஓட்டும் பொறுப்பு என்னுடையது. ஓடுகிற இரண்டு மிஷின்களை நினைத்த நேரத்தில் இணைத்துவிட முடியாது. இரண்டும் ஒத்துப் போகிற கணத்தில்தான் நடுவிலுள்ள பெரிய சுவிட்சைப் போட வேண்டும். அந்தக் கணத்தைக் காட்டுவதற்காகச் சுவிட்சின் குறுக்கே விளக்குகள் மாட்டியிருந்தேன். அவை மெல்ல எரியும், மெல்ல அணையும். பளிச்சென்று எரிந்தால் மிஷின்கள் முட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம், அணைந்தால் ஒத்துப்போய்விட்டன. எரியும்போது போட்டால் சுவிட்சு வெடித்து, அதைப் பிடித்தவன் கை கரியாகிவிடும்.

பூஜை நாள் வந்தது. வாழைமரம் கட்டி, மிஷினுக்குக்கூடச் சந்தனம் பூசி மாலை போட்டாயிற்று. நான் கைப்பிடியைப் பிடித்தபடி விளக்குகளையே பார்த்து நின்றேன். அவை மங்கின. அவ்வளவுதான், மானேஜர் பாய்ந்து வந்தான்.

“ஓய், என்ன பண்றீர்? விளக்கு அணையறச்சேயா நல்ல காரியத்தை ஆரம்பிப்பா? அபசகுனம்! நன்னா எரியறச்சே போடும்!”

“எரியறப்போ போட்டா வெடிச்சிடும் சார். அணையட்டும்.”

“சாந்தோம் மாதா கோயில்காரருக்குச் சகுனம் என்ன தெரியும்? நல்ல நேரம் போயிண்டிருக்கு. போடறீரா, வேலையை விட்டுப் போறீரா?”

வீட்டில் மனைவி நிறைமாதம். வேலை போனால் திண்டாட்டம்தான். விளக்குகளோ மறுபடி எரியத் தொடங்கியிருந்தன.

“என்னால முடியாது சார்” என்றேன்.

“அப்போ நகரும்!” என்று தோளால் என்னை இடித்துத் தள்ளிவிட்டு அவனே கைப்பிடியைப் பிடித்தான். விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. சத்தியமாகச் சொல்கிறேன், போடட்டும், பட்டுத் தொலையட்டும் என்றுதான் ஒரு கணம் தோன்றியது. அதற்குள் என் கை ஓங்கிவிட்டது. அவன் மணிக்கட்டில் விட்டேன் ஒரு அடி. “ஐயோ!” என்று அலறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தான்.

விளக்குகள் மங்கின, அணைந்தன. சுவிட்சைப் போட்டேன். ஒரு சின்ன உதறல்கூட இல்லாமல் மிஷின்கள் சேர்ந்து ஓடின. அரண்மனை முழுக்க வெளிச்சம் வந்து, அங்கே எல்லோரும் கைதட்டுவது கேட்டது.

முதலாளி ஓடி வந்தார். “அத்திம்பேரே, இவன் என்னைக் கைநீட்டி அடிச்சுட்டான்! முகூர்த்தத்திலே விளக்கை வேறே அணைச்சான்!” என்று மைத்துனன் கத்தினான். நான் நடந்ததைச் சொன்னேன். முதலாளிக்கு மிஷின் விஷயம் புரியாமல் இல்லை. செட்டைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தூ, அவரும் ஒரு பெரிய மனுஷன்!

மைத்துனனுக்கு அது போதுமே. எழுந்து வேஷ்டியைத் தட்டிக்கொண்டு, கையை நீட்டி எனக்கு வாசலைக் காட்டினான். ஒரு கொப்புளம்கூட இல்லாமல், மோதிரத்தோடு முழுசாக இருந்தது அந்தக் கை.