குதிகாலைப் பார்த்து நடந்தவள்

திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கிற அந்த அம்மாளை எல்லோரும் 'டேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. மறந்துபோய் சினிமாவுக்கே அதோடு போயிருக்கிறாள். வாரமெல்லாம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை வந்தால், ஊருக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற இரண்டு மலைகள். காலையில் சின்ன உச்சி, அங்கிருந்து இறங்கி நடுப்பள்ளத்தைக் கடந்து பெரிய உச்சி, அதே வழியில் திரும்பி இறங்கிப் பொழுது சாய்வதற்குள் வீடு. கூடவே புருஷன். அவர் பிளம்பர்.

போன மழைக்காலத்தோடு பிளம்பரின் முழங்கால் கையை விரித்துவிட்டது. குந்திக் குந்திக் குழாய் மாட்டிய கால், எத்தனை காலம்தான் தாங்கும்? இனி மலைப்பேச்சே கூடாது என்றார் டாக்டர். மனுஷன் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் அந்த உத்தரவு பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் என்று தாமாகவே முடிவு கட்டிவிட்டார். அக்கிரமம் இல்லையா இது?

டேப் அக்கா சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். "நான் மட்டும் போயிட்டு வரேங்க."

"நீயா? தனியாவா? நடுப்பள்ளத்துல எந்தப் பக்கம் திரும்பணும், சொல்லு பாப்போம்."

திருதிருவென்று முழித்தாள்.

"பாத்தியா! சரி, போ. வழி தப்பிட்டின்னா இதோட மலையைத் தலைமுழுகிடணும். சம்மதமா?"

ரோஷம் யாரை விட்டது? "சம்மதம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. துணியும் நூலுமாகவே போகிற பிழைப்பில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு என்று இருந்தது. அதையும் பந்தயத்தில் வைத்தாயிற்று.

ஞாயிறு காலை ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சின்ன உச்சிக்கு ஒரே பாதை, கண்ணை மூடிக்கொண்டு போகலாம். தொல்லை நடுப்பள்ளத்தில் இருந்தது. புல்லுக்குள் மூன்று தடங்கள் பிரிந்தன, மூன்றும் ஒரே அச்சு. நடுவில் இருந்ததைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தாள். அது ஆட்டுத்தடம். அவளைக் கொண்டுபோய் ஒரு பாறை விளிம்பில் விட்டுவிட்டு அதோடு முடிந்துபோனது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷம் ஏறி இறங்கிய மலையில் வழி தெரியவில்லை என்றால் வெளியே சொல்ல முடியுமா? ஏறும்போதெல்லாம் அவர் முன்னால், இவள் பின்னால். அவருடைய குதிகாலைப் பார்த்து நடந்ததைத் தவிர இவள் ஒன்றையும் பார்த்ததில்லை. அவமானமாக இருந்தது. அவர் மேல் கோபம் வந்தது, தன் மேல் அதைவிடக் கோபம் வந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்று எழுந்து, வந்த வழியே பள்ளத்துக்கு நடந்தாள். மூன்று தடங்களும் சேருகிற இடத்துக்கு வந்ததும், இடப்பக்கத் தடத்தில் சும்மா கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடடா! எதிரே சின்ன உச்சி, அதன் தோளில் ஒற்றைமரம், கீழே உடைந்த கல்சுவர். இந்தக் காட்சி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு! இறங்கும்போது பிளம்பர் காலைத் தாங்கித் தாங்கிப் பின்னால்தான் வருவார். முன்னால் போவது இவள். மலையை இவள் பார்த்ததெல்லாம் இறங்கும்போதுதான்.

அப்புறம் என்ன! தடம் பிரிகிற இடத்திலெல்லாம் கொஞ்சம் ஏறுவாள், திரும்பிப் பார்ப்பாள். பார்த்த காட்சி என்றால் மேலே போவாள், இல்லையென்றால் அடுத்த தடம். மேலிருந்து இறங்கி வந்த ஒருவர் இந்தக் கூத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பின்னாடி யாராச்சும் வராங்களாம்மா?"

"இல்லைங்க, வழி பாக்கறேன்."

"வழி மேலதானே இருக்கு?"

"இருக்கட்டும். எனக்குக் கீழ பாத்தாத்தான் தெரியும்."

அவர் மேற்கொண்டு வம்பை விலைக்கு வாங்கவில்லை.

பெரிய உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. முட்டையைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. என்ன ஆச்சோ என்று பதறியடித்து இறங்கினாள். இறங்குவதற்குத்தான் அவளுக்கு யாருடைய தயவும் வேண்டாமே.

வீட்டில் பிளம்பர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு குழாய் பிரித்துப் போடப்பட்டிருந்தது. பக்கத்திலேயே போன்.

"போன் அடிச்சது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்ப எடுக்கறதுக்கென்ன? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"பெரிய உச்சியில மட்டுந்தான் சிக்னல் கிடைக்கும். மணி அடிச்சதுமே நீ ஏறிட்டன்னு தெரிஞ்சுபோச்சு." வாஷரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். "என்னால பேச முடியல."

"நான் வழி தப்பிடுவேன்னு பயந்துட்டு இருந்தீங்களாக்கும்?"

"அதுக்கில்ல. தப்பாம போயிட்டு வந்துடுவியேன்னுதான்."

அவளுக்குச் சுரீர் என்றது. பாவமாக இருந்தது. அவருக்காக விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவேன்" என்றாள்.

அவர் குழாயைத் திரும்ப மாட்டி முடித்தார்.

"போயிட்டு வா" என்றார்.