பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும்

இது கதை இல்லை. நடந்தது. நம்ப மனமில்லாதவர்கள் என் டயர் கடைக்கு எதிரே இருக்கும் மெக்கானிக் கடைக்குப் போய், அவருடைய இடது கை விரல் முட்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அவரும் அவர் மனைவியும் என்னிடம் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

தெருவில் எல்லோருக்கும் அவர் காதுக்காரர். வண்டி வாசலில் வந்து நிற்பதற்குள், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். வீட்டுக்காரம்மா கூப்பிட்டால் மட்டும் அந்தக் காதில் விழாது.

அன்று கடைக்கு விடுமுறை; கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பேய் நினைப்பே வராத வெளிச்சம். காதுக்காரரின் ஒரே தங்கையும் மாப்பிள்ளையும் பழைய காரில் வந்து இறங்கினார்கள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்குத் தூரத்து ஊருக்கு வேலை மாற்றல். சாயங்காலமே இருவரும் அந்தக் காரில் கிளம்ப வேண்டும்.

"முன்னாடி ஒரு சத்தம் மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "இடது பக்கம், டொக் டொக்னு. அது போயிட்டா நிம்மதி."

தங்கை முடியை நெற்றியில் இழுத்து விட்டிருந்தாள். அதற்கு அடியில் நீலமாகக் கன்றிப்போய் இருந்தது.

"என்னம்மா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

காதுக்காரர் நம்பினார். நம்புவதுதான் சுலபமாக இருந்தது.

வேலையில் இறங்கினார். பம்பரை அழுத்தி ஆட்டிப் பார்த்தார். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் உலுக்கினார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, தன் மனைவியிடம் வண்டியை ஆட்டச் சொன்னார். அதன் ரப்பர் புஷ் கிழிந்திருந்தது. பக்கத்தில் லிங்க் ராடு என்கிற கம்பி லொடலொடவென்று ஆடியது. வயதான வண்டிக்கு இதெல்லாம் சகஜம். இரண்டையும் மாற்றிவிட்டு, தனியாக ஒரு சுற்று ஓட்டினார். குடோன் சாலையில் வரிசையாக வேகத்தடைகள். எதிலும் ஒரு முனகல்கூட இல்லை.

"போயிருச்சு மாப்ளே."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"தனியா போனா வராது மச்சான். பக்கத்துல ஆள் இருந்தாத்தான் வரும்."

இதில் ஆச்சரியம் இல்லை. எடை ஏறினால்தான் சில சத்தங்கள் வாய் திறக்கும்.

"அப்ப நீங்க ஏறுங்க."

"நான் இல்ல. அவ உக்காரணும்."

தங்கை ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "நான் வரலண்ணே."

"ஒரே ரவுண்டும்மா. சத்தத்தப் புடிக்க வேணாமா?"

கையைப் பிடித்து அவரே ஏற்றிவிட்டார். மணி அப்போது இரண்டரை.

குடோன் சாலைக்குத் திரும்பியதும் அவர் ஒன்றைக் கவனித்தார். அவள் உட்கார்ந்திருந்த பக்கம், டேஷ்போர்டின்மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. காற்றில் அது விலகியது. அடியில் ஒரு பள்ளம், கிண்ணத்தின் அடியை வைத்து அழுத்தியதுபோல.

தங்கை அவசரமாகத் துண்டை இழுத்து மூடினாள்.

முதல் வேகத்தடை இன்னும் தூரத்தில் இருந்தது. அதற்குள் அவள் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

டொக்.

காதுக்காரர் முகம் சுளித்தார். சத்தம் கீழிருந்து வரவில்லை. சக்கரத்தில் இல்லை. ஆர்மில் இல்லை. உள்ளேயிருந்து வந்தது… மிகப் பக்கத்தில்.

"மேலேருந்து வருதே…"

"திரும்பிடலாம்ணே."

இரண்டாவது வேகத்தடை.

டொக்.

கியரை மாற்றப் பார்த்தார். மாற வேண்டிய கியர் மாறவில்லை. குனிந்து பார்த்தார்.

கியரில் அவர் கை இல்லை.

அது தங்கையின் தலைமுடியில் இருந்தது.

ஐந்து விரலும் பின்மண்டை முடிக்குள் நுழைந்து, அதைச் சுருட்டிப் பிடித்திருந்தன. அவர் பிடிக்கவில்லை. தோள் வரை அவருடையது… அதற்குக் கீழே யாருடையதோ.

டொக்.

அவள் நெற்றி அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தியது.

டொக்.

பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது.

கை நிற்கவில்லை.

டொக்.

துண்டில் ரத்தம். அவள் கத்தினாள். அப்போது அவருக்குள் கோபம் ஏறியது. எதற்கென்றே தெரியாத கோபம், நெஞ்சு வெடிக்கிற மாதிரி.

"வாய மூடு."

யாரோ சொன்னார்கள்.

அவர் வாயிலிருந்துதான் வந்தது.

டொக்.

வலது கையால் கதவைத் திறந்தார். உடம்பை வெளியே வீசினார். தோள்பட்டை கழன்றுவிடும்போல இழுத்தது. இடது கை விரல் முட்டிகள் டேஷ்போர்டில் உரசிக் கிழிந்தன. முடி பிய்ந்துகொண்டு வரும் சத்தம்…

கை விட்டது.

அவர் சாலையில் கிடந்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஒரு முடிகூட இல்லை. ஆனால் தங்கையின் பின்தலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தோல், ரத்தத்தோடு.

அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"நீயுமாண்ணே?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் நடந்தே வந்தார்கள். மாப்பிள்ளை கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். அவள் நெற்றியைப் பார்த்தான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"சத்தம் வந்துச்சா மச்சான்?"

காதுக்காரர் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து மோதினார். அவன் திமிறவில்லை. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"இப்பப் புரியுதா? நானா அடிக்கிறேன்? அந்த வண்டி அடிக்குது. சொன்னா யாரு நம்புவா? அத வித்துடறேன் மச்சான். அப்புறம் அவள அனுப்பி வைங்க."

காதுக்காரரின் பிடி தளர்ந்தது. அவர் கையும்தானே அதைச் செய்தது. இவனை என்னவென்று குற்றம் சொல்வது? பாவமாகக்கூட இருந்தது.

"வித்துட்டு வாங்க. அனுப்பறேன்," என்று வாக்குக் கொடுத்தார். உள்ளே தங்கை அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். மாப்பிள்ளை சாவியை வாங்கிக்கொண்டு தனியாகப் போனான்.

பொழுது சாய்ந்ததும், காதுக்காரரின் கைக்குக் கட்டுப் போடும்போதுதான் அவர் மனைவி அதைச் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் போனதும் அவரு பெஞ்சுல சாஞ்சு தூங்கிட்டாரு. தூக்கத்துலயே இடது கைய இறுக்கி மூடிக்கிட்டு, பெஞ்சுல இடிச்சுக்கிட்டே இருந்தாரு. டொக் டொக்னு. கெட்ட கனவோன்னு எழுப்பப் போனேன். 'வாய மூடு'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்க. பயந்துபோயி உள்ள வந்துட்டேன்."

காதுக்காரர் பாதிக் கட்டோடு கையை இழுத்துக்கொண்டார்.

"எப்ப?"

"ரெண்டரைக்கு மேல இருக்கும். அப்புறம் பெஞ்சத் துடைக்கும்போது இது கிடந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு தெரியல, மடிச்சு வெச்சேன்."

ஒரு செய்தித்தாள் துண்டைப் பிரித்துக் காட்டினாள்.

உள்ளே ஒரு கொத்து முடி. நீளமாக, வேரோடு. வேர்ப்பக்கம் ரத்தம் இன்னும் காயவில்லை.

பிறகு அவர் விசாரித்தார். பழைய வண்டிதான் என்றாலும், அது மாப்பிள்ளையே ஷோரூமில் புதிதாக வாங்கியது. இத்தனை வருடமும் அவன் ஒருவன்தான் ஓட்டியிருக்கிறான். அதில் யாரும் அடிபட்டுச் சாகவில்லை. அதை இப்போது வாங்கியிருப்பவர், பக்கத்தில் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு கடைக்கு வந்து போனார். சத்தமே இல்லையாம்.

தங்கை அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள்.

மாப்பிள்ளை வேறு கார் வாங்கிவிட்டான். போன வாரம் ஃபோன் செய்தான்.

"எப்ப மச்சான் அனுப்புறீங்க? இதுலயும் முன்னாடி லேசா ஒரு சத்தம்… தனியா போனா வரமாட்டேங்குது."