ஹிப்னாடிசத்தை நம்பித் தின்ற நாலு இட்லி

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று திண்டுக்கல்லில் மூன்று தோல் கிடங்குகளுக்கு முதலாளி. யாருக்கும் மயங்காத எனக்கு மயக்க ஊசி என்றால் மட்டும் உதறல். குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், பேச்சிலேயே வலியை மறக்கடிக்கும் ஹிப்னாடிசத்தைச் செல்போனில் பார்த்து, அதுவே போதும் என்று முடிவு கட்டினேன். ஊசியே இல்லாதபோது பட்டினி எதற்கு? காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, நர்ஸிடம் வெறும் வயிறு என்றேன்.

ஆபரேஷன் தியேட்டரில் படுத்ததும் என் திட்டத்தைச் சொன்னேன். அங்கிருந்த உதவியாளர் சிரித்தார். "அப்பு, கத்தியை வச்சா ஒங்க வசியம் வடமதுரை தாண்டி ஓடிரும்."

மயக்க டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நானும் பேசித்தான் பயத்தைக் குறைப்பேன் ஐயா. ஆனா ஊசியும் போடுவேன்."

ஊசி என்றால் பட்டினி வேண்டுமே என்று உறைக்க, எழுந்து உட்கார்ந்தேன். "அம்மா, நாலு இட்லி தின்னுட்டேன்."

அவர் முகம் மாறியது. "மயக்கத்துல அது மேல வந்து நுரையீரல்ல எறங்குனா உயிரே போயிருமே!" ஆபரேஷன் நின்றது.

மறுவாரம் பட்டினியோடு போனேன். என் வியாபாரக் கதையை அவர் கேட்கக் கேட்க, ஊசி ஏறியதே தெரியாமல் சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

இப்போதெல்லாம் மருத்துவமனையில் கால் வைத்ததும், கேட்பதற்கு முன்பே சாப்பிட்டதைச் சொல்லிவிடுகிறேன்.