ஜாஸ்லின் கிளப்பிய புரளி

ஜாஸ்லினின் ஆராய்ச்சிக்கு எமனாக வாய்த்தவை ஊர் மோட்டார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம், தொண்ணூற்றெட்டு கோடை. துபாய்க்குப் போயிருந்த அண்ணன் ரெஜின் கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தான். அதில் அவள் ஓடவிட்டது பிளாஸ்மாவுக்குள் போகும் தனி அலை.

எலக்ட்ரானும் அயனியும் மின்னேறிய தூசும் கலந்த கூட்டத்தில் மின்னழுத்தம் ஒற்றை மேடாக எழும்பும். ஒரு விளைவு அதைச் செங்குத்தாக்கிக் கவிழ்க்கப் பார்க்கும். இன்னொன்று பரப்பிக் கரைக்கப் பார்க்கும். இரண்டும் சமமாக மல்லுக்கட்டினால் மேடு கலையாமல் போய்க்கொண்டே இருக்கும். தூசு கூடினாலும் கலையாது என்று அவள் காட்ட வேண்டும். திங்கட்கிழமை பேராசிரியரிடம் படம் கொடுத்தால் ஜெர்மனியில் ஆராய்ச்சி இடம். இல்லையென்றால் அது வேறு யாருக்கோ.

அவளுடைய அலை தூசுக்கு அசரவில்லை, ஊருக்குத்தான் அசந்தது. மூன்று பேஸில் இரண்டு மட்டும் வரும் டூ-பேஸ் கரண்டில் பம்புசெட் ஓட்டக்கூடாது. ஊரே மோட்டாரில் கண்டன்சர் மாட்டித் திருட்டுத்தனமாக ஓட்டியது. எல்லோரும் சேர்ந்து இழுத்தால் வோல்டேஜ் படுத்துவிடும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். பேராசிரியர் கொடுத்த பழைய புரோகிராமுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எதிரே சைக்கிளில் தங்கையன் வந்தார். வாயில் எதுவும் தங்காத மனிதர்.

"மாமா, ஈ.பி. ஸ்குவாடு வருதாம். கண்டன்சர் மாட்டுனா கேஸாம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள், பச்சைப்பிள்ளை முகத்தோடு.

சைக்கிள் பறந்தது. அவள் வீடு சேர்வதற்குள் மோட்டார்கள் ஒவ்வொன்றாக வாயை மூடின. சாயங்காலம் திரையில் மேடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நலுங்காமல் போய்ச் சேர்ந்தது. ஜாஸ்லின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆடினாள்.

வாசலில் லைன்மேன் நடராசனின் குரல் கேட்டது. "ஞாயித்துக்கிழமை எந்த ஸ்குவாடும்மா வரும்? புரளின்னு காலையிலயே உங்கப்பாகிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டே போயி மொத ஆளா மோட்டார நிறுத்துனாரு. அவரப் பாத்துத்தான் ஊரே நிறுத்துச்சு."

அப்பா மிக்கேல்ராஜ் வயலிலிருந்து வந்தார். அவருடைய நாற்றங்கால் தண்ணீருக்குக் காய்ந்து வெடித்துக் கிடந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள்.

"பொய்யின்னு தெரிஞ்சுமாப்பா நிறுத்துனீங்க?"

"நீதான் சொன்னன்னு தங்கையன் சொன்னான். படம் வந்துருச்சா?"

"வந்துருச்சுப்பா."

"அப்ப ஜெர்மனிக்கு எப்பம்மா கெளம்பணும்?"

ஊரையே ஏமாற்றிய வாயிலிருந்து அழுகைதான் வந்தது.