அஞ்சே நிமிஷம், அக்கா

சிறுவயதில் டிவியில் பார்த்த விண்வெளித் தொடரின் பழைய வீடியோ கேமை வாங்கியிருந்தேன். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆட வேண்டும். என் விண்கலமோ ஒவ்வொரு முறையும் கடைசிப் பாறையில் மோதி வெடித்தது. போன மாதம் ஒரு மழைநாளில், அந்தப் பாறையை நெருங்கும் நேரம் பார்த்து, கீழ்வீட்டு செல்வி அக்கா கதவைத் தட்டினார்.

“ஏனுங்க தம்பி, எங்கூட்டுக்காரருக்கு மூச்சு வாங்குதுங்க. காரைக் கொஞ்சம் எடுக்கறீங்களா?”

“அஞ்சே நிமிஷம் அக்கா” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விண்கலம் வெடித்தது. எரிச்சலில் மறுபடியும் ஆரம்பித்தேன். திடீரென்று நினைவு வந்து கீழே ஓடியபோது வீடு பூட்டியிருந்தது. அந்த வழியாகக் கேரட் மூட்டை ஏற்றி வந்த வண்டியை நிறுத்தி இருவரும் ஏறிப் போனதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

நல்லவேளை, அக்காவின் கணவர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றார்.

“வேலையா இருந்தீங்க, தொந்தரவு பண்ணிட்டனுங்க.”

என்ன வேலை என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் நா எழவில்லை.